ஷாவ்லினின் 36ஆம் கூடம்: பார்த்தவர்கள் அவரவர் கதையைச் சொல்லுங்கள்

ஈப்போ, மலேசியா

குங்ஃபூ படம் என்றதும் நம் ஆட்கள் முதலில் புரூஸ் லீ பெயரைச் சொல்வார்கள், அடுத்து ஜாக்கி சான். எனக்கும் இருவரையும் பிடிக்கும். ஆனால் இத்தனை வயதுக்குப் பிறகும் நான் தேடிப் போய்ப் பார்ப்பது 1978இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனம் எடுத்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ படத்தைத்தான். ஒருவன் ஒரு வித்தையைக் கற்றுக்கொள்வதை, அந்த வேலையையே, இவ்வளவு நேரம் ஒதுக்கி இவ்வளவு மரியாதையோடு காட்டிய படம் வேறொன்று நான் பார்த்ததில்லை. நீங்கள் எங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்க ஆசை. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. மஞ்சூக்கள் சீனாவை ஆண்ட காலம், கான்டன் நகரம். ஓர் இளைஞனின் ஆசிரியர் ரகசியமாகக் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்தவர். விஷயம் வெளியே தெரிந்துவிட, ஆசிரியர், அப்பா, நண்பன் என்று எல்லோரையும் படைத்தலைவனின் ஆட்கள் கொன்றுவிடுகிறார்கள். காயத்தோடு தப்பியவன் எப்படியோ ஷாவ்லின் என்ற புத்த மடத்துக்குள் போய் விழுகிறான். அங்கே அவனுக்கு சான் தே என்று பெயர். மடத்தில் 35 பயிற்சிக் கூடங்கள். ஆனால் வந்ததும் வித்தை கிடைத்துவிடாது. முதல் ஒரு வருஷம் பெருக்குகிற வேலைதான். பிறகு, எந்தக் கூடத்தில் தொடங்குகிறாய் என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதில் என்கிறான். அங்கே மூத்த துறவிகள் உட்கார்ந்து புத்த சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஒரே தள்ளில் தூக்கியெறியப்படுகிறான். அதன் பிறகுதான் அடியிலிருந்து தொடங்குகிறான்.

அடியில் இருப்பது சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழி. நடுவில் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு கட்டைக் கட்டு. அதை மிதித்துத் தாவினால் அந்தப் பக்கம் சோறு. விழுகிறான், எழுகிறான், திரும்ப விழுகிறான். ராத்திரி தனியாக வந்து முயன்று பார்க்கிறான். எவ்வளவு கனத்தில் மிதிக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் காலை எடுக்க வேண்டும் என்பதை அவனுடைய கால்தான் கண்டுபிடிக்கிறது. பக்கத்தில் நின்று யாரும் சூத்திரம் சொல்லிக் கொடுப்பதில்லை.

அடுத்தது தண்ணீர் வாளி. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டும். புஜத்தில் கத்தி கட்டியிருக்கும். கை தாழ்ந்தால் கத்தி முனை விலாவில் ஏறும்.

என் அப்பா புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்து விற்றவர். ஈப்போக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு, பக்கோடா எல்லாம் தட்டில் அடுக்கி, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் போட்டுக் கொடுப்பது. மலாயாவில் தமிழர் செய்த வியாபாரங்களில் அது ஒன்று, புந்தோங்கில் ஒரு வட்டாரமே அதற்குப் பெயர் போனது. படக்கொட்டகை வாசல்தான் அப்பாவுக்கு நல்ல இடம். வாசலில் தினமும் நிற்கிறவர் மகன் என்பதால் டிக்கெட் கிழிக்கிறவர் என்னைப் பின்வரிசைக்குப் பின்னால் நிற்க விடுவார். இந்தப் படத்தை நான் பார்த்தது அப்படி நின்றபடிதான்.

ஈப்போச் சீனர்களில் பலருடைய தாத்தா பாட்டி கான்டன் இருக்கும் குவாங்டோங் பக்கத்திலிருந்து ஈயச் சுரங்கங்களுக்கு வந்தவர்கள். வீட்டில் பேசுவது கான்டனீஸ். கடைத்தெருவில் வளர்ந்த எனக்கும் அது நன்றாகவே வரும். ஆனால் ஷா பிரதர்ஸ் படங்களில் அப்போது பேசியது மாண்டரின். அதனால் கான்டன் நகரத்துக் கதையை கான்டனீஸ் பேசுகிற தாத்தாக்களும் திரைக்குக் கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் பின்தொடர்ந்தார்கள், நானும் படித்துத்தான் பின்தொடர்ந்தேன். அந்தக் கொட்டகையில் யாருக்கும் அது அந்நியப் படமாக இல்லை. கட்டையிலிருந்து அவன் தண்ணீரில் விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். வாளிக் காட்சி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பல வருஷம் கழித்து அப்பாவை உட்கார வைத்து வீடியோவில் போட்டுக் காட்டினேன். சண்டைகளைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாளிக் காட்சியில் மட்டும் திரைக்குக் கிட்டே போய் உட்கார்ந்தார். “தோளைத் தூக்குறான் பார். தோளைத் தூக்கினா கை சீக்கிரம் விட்டுப்போகும். இப்ப இறக்கிட்டான் பார், இனி தாங்கும்” என்றார். வருஷக்கணக்காகத் தலையில் தட்டுச் சுமந்தவர் சொன்னது. திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை ஏறும்போது தோள் காதோடு ஒட்டியிருக்கிறது. போகப் போக அது இறங்குகிறது. சான் தேவாக நடித்த கோர்டன் லியுவின் உடம்புக்கு அது தெரிந்திருந்தது, அப்பாவின் கண்ணுக்கும் தெரிந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். உழைக்கிற உடம்பு எங்கே வலிக்கும், எப்படிப் பழகும் என்பதில் இந்தப் படம் பொய் சொல்வதில்லை.

கோடம்பாக்கம்

ஐயா, உங்கள் அப்பா சொன்ன தோள் விஷயத்தை எங்கள் மாஸ்டர் வேறு மாதிரி சொல்வார். நான் தமிழ்ப் படங்களில் ஃபைட்டராக இருந்தவன், இப்போது சண்டை கம்போசிங்கில் உதவி செய்கிறேன். புதிதாகச் சேருகிற பையன்களுக்கு மாஸ்டர் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவார். பயிற்சிக் காட்சிகளை இல்லை. சான் தே மடத்துக்குள்ளேயே போடும் மூன்று சண்டைகளை.

பயிற்சி எல்லாம் முடித்தவனுக்குப் பெரிய பொறுப்புக் கொடுக்கலாம் என்று மடத்தின் தலைவர் நினைக்கிறார். நியாயம் பார்க்கிற துறவி ஒருவர், லீ ஹோய்-சாங் நடித்தது, முதலில் என்னை ஜெயிக்கட்டும் என்கிறார். அவர் கையில் இரட்டைக் குட்டை வாள். சான் தே முதல் தடவை தோற்கிறான். இரண்டாம் தடவை வேறு ஆயுதம் எடுத்து வந்தும் தோற்கிறான். ஏன் தோற்கிறான் என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். நீளமான ஆயுதம் தூரத்தில்தான் ராஜா. இரட்டை வாள்காரர் ஒரு எட்டு உள்ளே வந்துவிட்டால், அந்த நீளமே சுமையாகிவிடும். பிறகு மூங்கில் காட்டில் அவனுக்கு யோசனை வருகிறது. ஒரே கம்பாக இருந்ததை மூன்று துண்டாக்கிக் கோத்துவிடுகிறான். நுனியைப் பிடித்து வீசினால் தூரம் கிடைக்கும். நடுத்துண்டைப் பிடித்தால் இரண்டு கையிலும் இரண்டு குட்டைக் கம்பு. வாள் உள்ளே வந்தால் மடக்கிப் பூட்டலாம். மூன்றாம் சண்டையில் இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டுகிறான். ஒரு பிரச்சினை, அதற்கு ஒரு விடை. வசனம் இல்லாமலே புரிகிறது.

இதைச் சண்டையாக எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களைக் கேட்க வேண்டும். சங்கிலியில் கோத்த கம்பு எங்கே திரும்பும் என்று கையில் பிடித்தவருக்கே முழுக் கட்டுப்பாடு இருக்காது. எதிரில் இருப்பவர் இரட்டை வாளோடு அதே தாளத்தில் வர வேண்டும். ஒருத்தர் அரை விநாடி பிந்தினால் விரல் போகும். இன்றைக்கு நாங்கள் என்ன செய்வோம்? ஒரு வீச்சு, கட். ஒரு தடுப்பு, கட். முகத்தில் ஒரு ரியாக்‌ஷன், கட். அடி படாமல் அடி விழுந்தது போல ஒட்டிவிடுவோம். இயக்குநர் லாவ் கார்-லியோங் அப்படிச் செய்யவில்லை. தலையிலிருந்து பாதம் வரை இருவரும் திரையில் தெரிகிற மாதிரி கேமராவை வைத்துவிட்டு, வரிசையாகப் பல அசைவுகளை ஒரே ஷாட்டில் ஓட விடுகிறார். செய்யத் தெரிந்தவர்கள் கையில் இருந்ததால் அது முடிந்தது.

அவரே முதலில் எங்களைப் போல ஒரு ஸ்டண்ட் ஆள்தான். சாங் சே இயக்கிய ஷா பிரதர்ஸ் படங்களுக்கு வருஷக்கணக்காகச் சண்டை அமைத்துவிட்டு, 1975இல்தான் சொந்தமாக இயக்க வந்தார். அவருடைய அப்பா லாவ் சாம், லாம் சாய்-விங் என்பவரின் சீடர். லாம் சாய்-விங், கான்டனின் பேர்பெற்ற குங்ஃபூ ஆசான் வோங் ஃபேய்-ஹுங்கின் சீடர். கோர்டன் லியு அதே லாவ் சாமிடம் வளர்ந்து ஹுங் பாணி குங்ஃபூ கற்றவர். ஆசான்–சீடன் வரிசையாகக் கைமாறி வந்த வித்தை, ஒரு ஸ்டுடியோ செட்டில் நிற்கிறது. ஸ்டண்ட் ஆள் இயக்குநரானால் சண்டைதான் வரும், கதை வராது என்று நம் ஊரிலும் சொல்வார்கள். அவர்களிடம் நான் இந்தப் படத்தின் பெயரைச் சொல்வேன்.

மாஸ்டர் எங்களைக் கவனிக்கச் சொன்னது லீ ஹோய்-சாங்கை. “ஜெயிக்கிறவனைப் பார்க்காதே, தோற்கிறவன் எப்படித் தோற்கிறான்னு பார்” என்பார். அவர் விட்டுக்கொடுத்துத் தோற்கவே இல்லை. கடைசி அசைவு வரை ஜெயிக்கத்தான் வருகிறார். அதனால்தான் சான் தேவின் வெற்றிக்கு எடை இருக்கிறது. அடி வாங்குகிற தொழிலில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

யாழ்ப்பாணம்

எண்பதுகளில் வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று நான்கு படம் பார்த்த ஆக்களில் நானும் ஒருவன். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு எடுப்போம். அம்மாமாருக்காக முதலில் ஒரு தமிழ்ப் படம், அவர்கள் படுக்கப் போன பிறகு பெடியளுக்கு அடிபாட்டுப் படம். எங்களுக்கு வந்தது ‘மாஸ்டர் கில்லர்’ என்ற பெயரில் ஆங்கிலம் பேசிய கொப்பி. இதே படம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கசெட்டில் முன்பகுதி இல்லை. யாரோ அதற்கு மேலே வேறு எதையோ பதிந்திருந்தார்கள். அதனால் எங்களுக்குப் படம் தொடங்கியதே மடத்துக்குள்தான். தகப்பனைக் கொன்றது, ஆசிரியரைக் கொன்றது ஒன்றும் தெரியாது. இவன் ஏன் வந்தான் என்று தெரியாமலே, கூடம் கூடமாக ஏறுவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் சலிக்கவில்லை. பழிவாங்கும் கதையை எடுத்துவிட்டாலும் படம் நிற்கும் என்பதற்கு எங்கள் வீட்டு விறாந்தையே சாட்சி.

தேனிப் பக்கம்

அண்ணா, நான் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். இந்தப் படத்தை எனக்குக் காட்டியது என் தாய்மாமா. அவரிடம்தான் நான் கம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டேன். காரணம், ஊரில் அப்போது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் பெண் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். “கூட நிக்கிற பயலுக கவனம் சிதறும்” என்பது அவர் சொன்ன காரணம். மாமாவுக்குக் கோபம். வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தில் எனக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்.

தனியாகச் சொல்லிக்கொடுத்தார் என்றதும் சலுகை கிடைத்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கம்பைக் கண்ணில் காட்டவே இல்லை. காலடி, காலடி, காலடிதான். தரையில் சாம்பலால் போட்ட கோட்டை மிதிக்காமல், பார்வையைக் கீழே இறக்காமல், முன்னே பின்னே வர வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மாமா எங்கேயோ வாங்கி வந்து இந்தப் படத்தைப் போட்டார். முழுப் படத்தையும் காட்டவில்லை. பார்வைக் கூடம் வரும் இடத்தை ஓட விட்டார். தலைக்கு இரண்டு பக்கமும் ஊதுவத்தி புகைந்துகொண்டிருக்கும். எதிரில் விளக்கு அசையும். தலையைத் திருப்பினால் சுடும், கண்ணை மட்டும்தான் நகர்த்த வேண்டும். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எதிராளியின் கம்பு நுனியைத் தலையால் துரத்துகிறவள் அடி வாங்குவாள், கண்ணால் துரத்துகிறவள் தப்புவாள். மறுநாள் சாம்பல் கோட்டில் நான் முறைப்பில்லாமல் நின்றேன்.

இப்போது என் பிள்ளைகளுக்கு நானே போட்டுக் காட்டுகிறேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது மணிக்கட்டுக் கூடம். நீளமான கம்பின் நுனியில் கனமான சுத்தி, கம்பின் இன்னொரு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு மணியை அடிக்க வேண்டும், அதுவும் தாளம் தப்பாமல். சான் தேவின் கை நடுங்குவதைப் பார்த்து ஒருத்தி, “அக்கா, எனக்கும் இங்கதான் வலிக்குது” என்று முன்னங்கையைத் தடவிக் காட்டினாள். சரியான இடம்தான்.

பிறகு அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இதில் பொண்ணுங்களே இல்லையா? நியாயமான கேள்வி. மடத்துக் கதை என்றாலும் எனக்கும் அது குறைதான். அதற்காக இதே இயக்குநர் 1981இல் எடுத்த ‘மை யங் ஆன்ட்டி’யையும் சேர்த்துக் காட்டுவேன். அதில் காரா ஹுய் வாளும் கையுமாக நிற்பதைப் பார்க்க வேண்டும். ஹாங்காங் திரைப்பட விருது தொடங்கிய முதல் வருஷம், 1982இல், சிறந்த நடிகை விருது அந்தப் படத்துக்காக அவருக்குத்தான் போனது. சண்டைப் படத்தில் நடித்த பெண்ணுக்கு நடிப்புக்கான விருது என்று சொன்னதும் என் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பெற்றோர் சிலர் வந்து, “இதெல்லாம் நம்ம காஞ்சிபுரத்து போதிதர்மர் கொண்டுபோய்க் குடுத்ததுதானே” என்பார்கள். அவர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று சில பழைய சீன நூல்கள் சொல்வது உண்மை. ஆனால் உடற்பயிற்சியோடும் சண்டை வித்தையோடும் அவரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம், அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழித்து, 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது. நமக்குச் சிலம்பம் இருக்கிறது, குத்துவரிசை இருக்கிறது, சுருள்வாள் இருக்கிறது. அடுத்தவர் பெருமையில் பங்கு கேட்காமலே நிமிர்ந்து நிற்கலாம். பிள்ளைகளிடமும் இதையேதான் சொல்கிறேன்.

கோயம்புத்தூர்

எல்லோரும் பாராட்டுவதால் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மடத்துக்குள் நடப்பது எல்லாம் அருமை. மடத்தை விட்டு வெளியே வந்ததும் படம் ஓட்டம் பிடிக்கிறது. ஊர் ஊராக ஆள் சேர்க்கிறான், ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் காட்சி, படைத்தலைவனாக வரும் லோ லியேவோடு ஒரு சண்டை, முடிந்தது. லோ லியே எவ்வளவு நல்ல நடிகர்! அவருக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். என்னைக் கேட்டால், லாவ் கார்-லியோங்கின் உச்சம் 1984இல் வந்த ‘எயிட் டயகிராம் போல் ஃபைட்டர்’தான். அதிலும் கோர்டன் லியுதான், அதிலும் மடம்தான், ஆனால் அதில் ஆத்திரம் கொதிக்கிறது. படப்பிடிப்புக்கு இடையில், 1983இல், முக்கிய வேடத்தில் நடித்த அலெக்சாண்டர் ஃபு ஷெங் கார் விபத்தில் இறந்துபோனார். கதையையே மாற்ற வேண்டி வந்தது. அந்தத் துக்கம் படம் முழுக்க இருக்கிறது. கடைசிச் சண்டையில் சவப்பெட்டிகளுக்கு நடுவே அவர்கள் கம்பு சுழற்றுவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும்.

ஈப்போ, மலேசியா

கோவைத் தம்பி சொன்ன படமும் பெரிய படம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கடைசிப் பகுதி ஓடுகிறது என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. படைத்தலைவனைக் கொல்வதுதான் இலக்கு என்றால் அதற்கு நேரம் வேண்டும். இந்தக் கதையின் இலக்கு வேறு.

துறவியான பிறகு அவன் கேட்டது என்ன? 35 கூடம் போதாது, 36ஆவதாக ஒன்று வேண்டும், அதில் துறவி அல்லாத சாதாரண ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். மடத்தின் மரபுக்கு அது விரோதம். தலைவர் எல்லோர் முன்னாலும் அவனைக் கண்டித்து, வெளியே போய்ப் பிச்சை எடுத்து வா என்று தண்டனை கொடுக்கிறார். அந்தத் தண்டனைதான் அனுமதி. வாயால் சொல்லாமல், சட்டத்தையும் மீறாமல், கதவைத் திறந்துவிடுகிறார். அந்தக் காட்சியில் தலைவரின் முகத்தில் ஒன்றுமே தெரியாது. நான் இந்தப் படத்தில் அதிகம் நேசிப்பது அந்த முகத்தைத்தான்.

வெளியே வந்தவன் முதலில் போய் நிற்பது உழைக்கிற ஆட்களிடம். கடைசிக் காட்சியில் நாம் பார்ப்பது வெற்றி ஊர்வலம் இல்லை, 36ஆம் கூடத்தில் வரிசையாக நின்று பழகும் ஊர்ஜனங்கள். தோட்டத்து லயங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் நாங்கள். நல்ல பள்ளிக்கூடம், நல்ல வித்தை எல்லாம் யாருடைய மதிலுக்குள்ளோ இருந்த காலம் அது. பின்வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பையனுக்கு அந்தக் கடைசிக் காட்சி யாரைப் பற்றியது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேனித் தங்கையின் மாமா களத்தில் செய்ததும் அந்தக் காரியத்தைத்தான்.

ஸ்கார்பரோ, கனடா

உங்கள் எல்லோருக்கும் சின்னவன். நான் வந்த வழி வேறு. படத்துக்கு முன்னால் எனக்கு அதன் பெயர்தான் தெரியும், அதுவும் பாட்டுக் கசெட்டின் அட்டையில். வூ-டாங் கிளான் என்ற நியூயார்க் ராப் குழு 1993இல் போட்ட முதல் ஆல்பத்தின் பெயரிலேயே ‘36 சேம்பர்ஸ்’ இருக்கிறது. குழுவில் ஒருவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மாஸ்டா கில்லா. யாழ்ப்பாணத்து அண்ணர் பார்த்த கொப்பியின் பெயர்தான்! ஸ்டேட்டன் தீவில் வளர்ந்த அந்தப் பையன்கள் தங்கள் தீவுக்கே ஷாவ்லின் என்று பெயர் வைத்தார்கள். குழுவின் தலைவர் ரிஸ்ஸா சின்ன வயதில் நியூயார்க்கின் 42ஆம் தெருக் கொட்டகைகளில் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து வளர்ந்தவர். ஆல்பத்தில் இடையிடையே வரும் சண்டைச் சத்தமும் வசனமும் அந்தப் படங்களில் இருந்து எடுத்தவை. அதில் முக்கியமான ‘ஷாவ்லின் அண்ட் வூ டாங்’ படத்தை இயக்கியவரும் கோர்டன் லியுதான்.

என் அண்ணாவின் கூட்டாளிகளில் பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் ஜமைக்கா, கயானா, பிலிப்பைன்ஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் வீட்டு நிலவறையில் இந்தப் படத்தை எல்லோருமாகப் பார்த்தோம். ஆங்கிலம் பேசிய கொப்பி, உதடும் வசனமும் ஒட்டாது. ஒருவருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. மணல் மூட்டைகளைத் தலையால் முட்டிக்கொண்டு சான் தே நடந்து போய்ப் புத்தருக்கு ஊதுவத்தி வைக்கும் காட்சியில், அங்கேயிருந்த ஒவ்வொருவனும் தன் தலையைத் தடவிக்கொண்டான். ராப் எழுதிக்கொண்டிருந்த ஒருவன் அதன் பிறகு தன் எழுத்துக் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் கூடம் 1, கூடம் 2 என்று இலக்கம் போட்டு, ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு சந்தத்தை மட்டும் பழகத் தொடங்கினான். இன்றைக்கும் எழுதுகிறான்.

ரிஸ்ஸா பிறகு இந்தப் படத்தைத் திரையில் ஓட விட்டு, மேடையில் இருந்தே அதற்கு நேரடியாக இசை போட்டிருக்கிறார். தான் எடுத்த ‘தி மேன் வித் தி அயன் ஃபிஸ்ட்ஸ்’ படத்தில் கோர்டன் லியுவை மடத்துத் தலைவராகவே நடிக்க வைத்தார். அமெரிக்க இயக்குநர் டரன்டினோ ‘கில் பில்’ இரண்டாம் பாகத்தில் அவரை வெள்ளைத் தாடிக் குரு பாய் மேயாக ஆக்கினார் அல்லவா? அங்கேயும் நாயகி தண்ணீர் சுமந்து படியேறித்தான் வித்தை கற்கிறாள். மாணவனாக வாளி தூக்கியவரே குருவாக உட்கார்ந்து வேலை வாங்குகிறார். அதைக் கண்டுபிடித்த அன்று அண்ணாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். இப்போது நல்ல பிரதி ஒன்று வாங்க வேண்டும். எதை வாங்கலாம், ஐயா?

ஈப்போ, மலேசியா

தம்பி, ஷா பிரதர்ஸ் இந்தப் படங்களை அகலத் திரைக்கு எடுத்தார்கள். வீடியோ காலத்தில் டீவிக்காக இரண்டு பக்கமும் வெட்டிவிட்டார்கள். நாங்கள் டெக்கில் பார்த்ததில் பாதிச் சண்டை திரைக்கு வெளியே நடந்தது. கோடம்பாக்கத்துத் தம்பி சொன்ன முழு உடம்பு ஷாட்டெல்லாம் அந்தப் பிரதிகளில் கிடைக்காது.

பல வருஷம் ஷா பிரதர்ஸ் தங்கள் படங்களைப் பூட்டியே வைத்திருந்தார்கள். 2000இல் எழுநூற்றுச் சொச்சம் படங்களின் உரிமையை செலஸ்டியல் பிக்சர்ஸ் வாங்கிச் சுத்தம் செய்து, 2002 முதல் ஒவ்வொன்றாக வெளியிட்டது. அந்த நிறுவனத்துக்குப் பின்னால் இருந்தவர் நம் மலேசியத் தமிழர் ஆனந்த கிருஷ்ணன். 2024இல் காலமானார். ஷா சகோதரர்களுக்கும் தமிழர்களுக்கும் உறவு அதற்கும் பழையது. சிங்கப்பூரில் அவர்கள் நடத்திய ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் எல். கிருஷ்ணன் இருந்தார். பி. ராம்லி கதாநாயகனாக நடித்த ‘பக்தி’, 1950இல் வந்தது, அவர் இயக்கியதுதான். அந்தக் குடும்பத்தின் ஹாங்காங் படங்களை அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு மலேசியத் தமிழரின் நிறுவனம் காப்பாற்றியது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆகவே செலஸ்டியல் சுத்தம் செய்த பிரதியிலிருந்து வந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பேச்சை மாண்டரினில் வைத்து, எழுத்தை ஓட விடுங்கள். கடையிலோ இணையத்திலோ கிடைப்பது முழுப் படமா, வெட்டியதா என்று தெரிந்துகொள்ள நேரே வாளிக் காட்சிக்குப் போங்கள். நீட்டிய இரண்டு கைகளும், இரண்டு வாளிகளும் சேர்ந்தாற்போல் திரைக்குள் இருந்தால் அது முழுப் பிரதி. ஒரு வாளிதான் தெரிகிறது என்றால் காசைக் கொடுக்காதீர்கள்.